அண்ணனுக்கு முகமூடி, தம்பிக்கு வீடு

ஜனவரி 9, வியாழன்

மருந்துக் கடைக்காரர் இந்த வருடம் காலண்டருக்குப் பதில் டைரி கொடுத்துவிட்டார். வீணாக்க மனசில்லை, எழுதுகிறேன்.

என் பெயர் வனஜா. சாலிகிராமத்தில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'முகிலம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை ஒரு கொத்து கூடுதலாக விழுவதும் முகிலம்மாவுக்குத்தான். வாசல் டிவியில் ஆறு வருடமாக நான் சூப்பர் ஹீரோவின் அம்மா.

இந்த சூப்பர் ஹீரோ விவகாரமே பெரிய கூத்து. கொண்டல் என்று ஒரு படக்கதை. மழை மேகத்தைக் கூப்பிட்டு அதில் ஏறிப்போய் ஊரைக் காப்பாற்றுகிறவன். வரைந்தவர் போய்ச் சேர்ந்ததும் அவருடைய இரண்டு மகன்களும் நிலத்தைப் பிரிப்பதுபோல் கொண்டலையும் பிரித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு முகமூடி, தம்பிக்கு வீடு. அண்ணன் தன் பாகத்தைப் பெருங்கடல் பிக்சர்ஸுக்கு விற்றார். தம்பி தன் பாகத்தை வாசல் டிவிக்கு விற்றார். அதனால் சினிமாவில் வரும் கொண்டலுக்கு முகமூடி உண்டு, பறப்பான், அடிப்பான். ஆனால் பெற்றவள் கிடையாது, போய்ப் படுக்க ஒரு வீடு கிடையாது. எங்கள் சீரியலில் அவனுக்கு அம்மா உண்டு, முகில் என்று பெயர் உண்டு, ரேஷன் கார்டுகூட உண்டு. முகமூடியை மட்டும் காட்டக் கூடாது. பின்வாசல் வழியாகப் போவான், இடி இடிக்கும், கேமரா என்னோடு சமையலறையிலேயே நிற்கும். பிறகு நனைந்த தலையோடு திரும்பி வருவான், நான் துவட்டிவிடுவேன். சூப்பர் ஹீரோ சீரியல் என்று பெயர். நடப்பதெல்லாம் ஒரு பொம்பளை அடுப்படியில் காத்திருப்பதுதான்.

இன்றும் வளசரவாக்கம் ஷூட்டிங் வீட்டில் அதே காட்சி. முகிலாக நடிக்கும் டார்வின் நனைந்து வந்தான். குளச்சல் பையன். துவட்டும்போது அவன் நெற்றியில் ஒரு கோடு தெரிந்தது. பைக்கில் வந்த ஹெல்மெட் அழுத்திய தடம். வசனத்தில் இல்லாததை என் வாய் சொல்லிவிட்டது.

"முகமூடி தடம் போகவே மாட்டேங்குதேடா. வலிக்குதா?"

அவன் ஒரு நிமிடம் திகைத்தான். ஆனால் முகிலை விட்டு வெளியே வரவில்லை. "நீ தொட்டதும் போயிருச்சும்மா" என்றான். டைரக்டர் தனபால் சார் கட் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டார்வின் வந்தான், ஊரிலிருந்து வந்த நேந்திரங்காய் சிப்ஸோடு. வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன், என் சர்க்கரைப் பொங்கலைக் கூச்சமில்லாமல் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"ஊர்ல சின்னப் பிள்ளைய எல்லாம் கேக்குதும்மா, அண்ணே, முகமூடிய எடுத்துக் காட்டுங்கன்னு. மெட்ராஸ்ல வச்சிட்டு வந்துட்டேன்னு பொய் சொல்லுதேன். ஆறு வருசமா நான்தான் கொண்டல். அந்த முகமூடி என்ன கனம் இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

"கனமா இருந்தா கழுத்து வலிக்கும். சாப்பிடு."

"ஒரு தடவ போட்டாப் போதும்மா. போட்டுட்டு அடுப்படிக்குள்ள வந்து உங்க முன்னால நிக்கணும்."

இவனையும் என்னையும் சேர்த்து யூனிட்டில் கதை கட்டுகிறார்கள், வனஜாம்மாவுக்குப் பிள்ளை இல்லாத குறையை இவன் தீர்க்கிறான் என்று. குறையாவது ஒன்றாவது. கூட நடிக்கிற பையன், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு வருகிறான். ஒரு சட்டை எடுத்து வைத்திருந்தேன். தள்ளுபடியில் கிடைத்தது.

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று அந்தக் காட்சி ஒளிபரப்பாயிற்று. காலையிலிருந்து போன். மாடி வீட்டம்மா நேரில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். அவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

ஜனவரி 24, வெள்ளி

பெருங்கடல் பிக்சர்ஸிலிருந்து வக்கீல் நோட்டீஸ். வாசல் டிவி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே எல்லாவற்றையும் கவனிப்பவர் அபர்ணா மேடம். வயது என் பாதி இருக்கும். பேச்சு மட்டும் நல்ல பேச்சு.

"வனஜாம்மா, முகமூடியக் காட்டக் கூடாதுன்னு மட்டும் இல்ல, சொல்லவும் கூடாது. அந்த வார்த்தையும் அவங்க பாகத்துல போயிடுச்சு."

"வார்த்தையையுமா வித்தாங்க?"

"அதனாலதாம்மா ஆறு வருஷமா 'அந்த வேலையா போறேன்'னு சொல்ல வெச்சோம்."

எனக்கு இதுவரை தெரியாது. முகில் கூச்சப்படுகிற பையன், அதனால் சுற்றி வளைத்துப் பேசுகிறான் என்று நானே ஒரு காரணம் கற்பித்து நடித்துக்கொண்டிருந்தேன். பெருங்கடலில் எங்கள் சீரியலைத் தினமும் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார்களாம். பாவம், அவரும் அன்றைக்கு அழுதாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

ஜனவரி 27, திங்கள்

ஷூட்டிங் நிறுத்தம். பரணை ஒழித்தேன். பழைய நாடக விக் ஒன்று எலி கடித்துக் கிடந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

தனபால் சார் வந்து எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். முதலில் இரண்டு பக்க வக்கீல்களும் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அப்புறம் யாரோ கணக்கை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பெருங்கடலின் போன கொண்டல் படம் படுத்துவிட்டது. யாருக்காக இவன் அடிக்கிறான் என்று ஜனங்களுக்குப் பிடிபடவில்லை. எங்களுடைய ஒரு வரியையோ ஊரே பார்த்திருக்கிறது. உடனே மேஜையைத் தட்டின கைகளே குலுக்கிக்கொண்டன. முகமூடியும் வீடும் சேர்ந்து ஒரு படம். இரண்டு கம்பெனியும் பங்கு. பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது, நேற்றுவரை முகத்தில் விழிக்காதவர்கள் சம்பந்தி மாதிரி நிற்கிறார்கள்.

டார்வின் போனில் கத்தினான். "அம்மா, ஒத்த வார்த்த சொன்னிய, எனக்கு முகமூடி வந்துட்டு!"

யார் நடிக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் எங்கும் போடவில்லை. அவனிடம் அதைச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு.

பிப்ரவரி 13, வியாழன்

டார்வின் ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். முட்டையின் வெள்ளையை மட்டும் தின்கிறான். மஞ்சளைத் தூக்கிப் போடாதே என்று சண்டை போட்டு, நான் வாங்கி வந்து குழம்பில் போட்டேன். கயிற்றில் தொங்கிப் பறக்கப் பழகுகிறானாம். உள்ளங்கை இரண்டும் உரிந்து கிடக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

அபர்ணா மேடம் தனியாக வரச் சொன்னார். ஏசி அறை, பாதாம் பால். பாதாம் பால் கொடுத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"படத்துல நீங்கதாம்மா அம்மா. அதுல மாத்தமே இல்ல. அவங்க ஒரு பெரிய நடிகையப் போடலாம்னாங்க, நாங்க விடல."

"டார்வின்?"

ஜன்னலைப் பார்த்தார். "முகமூடி அவங்களோட பங்கும்மா. அதுக்குள்ள எந்த முகம் இருக்கணும்ங்கறத அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அவங்க ஹீரோதான். போஸ்டர் விக்கணும்ல."

"பையன்கிட்ட சொல்லியாச்சா?"

"அறிவிப்பு வர்ற வரைக்கும் யாரும் வெளிய பேசக் கூடாது. நீங்களும்தான். கையெழுத்துப் போடணும்."

எழுந்து வந்திருக்கலாம். நான் ஒன்று மட்டும் கேட்டேன். கொண்டல் முகமூடியோடு என் சமையலறைக்குள் வருவானா?

"வருவான்மா. அந்த சீன்தான் படத்தோட உயிரே."

கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடமாகப் பின்வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் தெரியும். அவன் முகமூடியோடு உள்ளே வருவதை ஒரு தரம் பார்க்க வேண்டும். உள்ளே யார் இருந்தால் என்ன, நடிப்புதானே.

பிப்ரவரி 21, வெள்ளி

டார்வின் போன் செய்தான். எடுக்கவில்லை. தலைவலி.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேரிலேயே வந்துவிட்டான். அடை வார்த்துக் கொடுத்தேன். டயட்டை மறந்து சாப்பிட்டான்.

"ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவம்மா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு யாரு சொல்றா? கூப்பிட்டா போவேன், இல்லன்னா வீட்டுல இருப்பேன்."

நாற்பது வருடமாக நடிக்கிறேன். இத்தனை சுலபமாக ஒரு வசனம் வந்ததே இல்லை. அவன் அப்படியே நம்பிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தான். போகும்போது, "அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லியா? முகம் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டான். அடுப்புச் சூடு என்றேன்.

மார்ச் 3, திங்கள்

ஐந்து நட்சத்திர ஓட்டலில் அறிவிப்பு விழா. அந்தப் பெரிய ஹீரோ மேடைக்கு வந்ததும் புகையும் சத்தமும். பக்கத்தில் என்னை நிற்கவைத்தார்கள். அவர் என் காலைத் தொட வந்தார், நான் தடுத்தேன், எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாம் நேரலை.

வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை, டார்வின் போன்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"அடை சாப்பிட்டனே, அன்னைக்குமா?"

"அன்னைக்கும் தெரியும். சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கடா."

கத்துவான், திட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். "சரிம்மா. உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிட்டான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவனுக்கும் தலைவலி போலிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

எடுக்கவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. ஒரே ஆளுக்கு எதற்கு இவ்வளவு அரைக்கிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

சீரியலின் கடைசி நாள். படத்தில் வீடு வருவதால் சீரியலில் இனிமேல் வீடு வரக் கூடாது என்று ஒப்பந்தமாம். ஒரே நாளில் முடித்துவைக்கச் சொல்லிவிட்டார்கள்.

டார்வின் வந்தான். எல்லாருக்கும் வணக்கம் சொன்னான், எனக்கும் சொன்னான். அவ்வளவுதான். காட்சி என்னவென்றால், முகில் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போக வேண்டும். இந்தத் தடவை திரும்பி வருவதைக் காட்டப் போவதில்லை.

"சாப்பாடு போதுமாடா?" என் வசனம்.

"போதும்மா. நீ சாப்பிடு." அவன் வசனம்.

"எப்ப வருவ?"

"சொல்ல முடியலம்மா. கதவ மட்டும் சாத்தாத."

எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு எழுத்துகூட அவன் பேசவில்லை. நான்தான், இன்றைக்கும் எதையாவது சேர்த்துச் சொல்லிப் பார்ப்போமா என்று வாயைத் திறந்தேன். அவன் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை, தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன். கட் ஆனதும் பூசணிக்காய் உடைத்தார்கள். லைட்டை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவன் பைக் போய்விட்டிருந்தது.

அழுதேன். எழுதிவிடுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவன் எனக்குக் கூட நடிக்கிற பையன் மட்டும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

பெருங்கடல் ஆபீசில் கதை சொன்னார்கள். தனபால் சாரை 'வீட்டுக் காட்சி ஆலோசகர்' என்று ஒரு மூலையில் உட்காரவைத்திருக்கிறார்கள். டைரக்டர் வேறு ஆள், இளைஞர். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இடைவேளைக்கு முன்னால் வில்லன் ஆட்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கொன்றுவிடுகிறார்கள். கொண்டல் முகமூடியைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடி வருகிறான். நான் பிணமாகக் கிடக்கிறேன். அவன் மடியில் தூக்கி வைத்துக் கதறுகிறான். இடைவேளை.

"அவன் முகமூடியோட வர்றத நான் பாக்கவே மாட்டேனா தம்பி?"

"நீங்க செத்துட்டீங்களே மேடம்."

"ஒரே ஒரு சீன், உயிரோட..."

"அம்மா இறந்தாதான் மேடம் ரெண்டாவது பாதிக்கு எமோஷன் கிடைக்கும்."

இரண்டு கம்பெனி சண்டை போட்டு, கைகுலுக்கி, ஆறு வருடமாகப் பூட்டியிருந்த கதவைத் திறந்து அவனை என் வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தனபால் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "மன்னிச்சிருங்கம்மா" என்றார். அவர் என்ன செய்வார்.

ஏப்ரல் 10, வியாழன்

ஹீரோவோடு முதல் நாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மரியாதையான பிள்ளை. தலை துவட்டும் காட்சியில் மட்டும் தலைமுடி கலையக் கூடாது என்று அவருடைய ஆட்கள் சொல்லிவிட்டார்கள். துண்டைத் தொட்டும் தொடாமலும் ஆட்டினேன். க்ளோசப் எல்லாம் இன்றைக்கே எடுத்துக்கொண்டு மதியமே கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று செத்தேன்.

பூந்தமல்லி பக்கம் பெரிய செட். அதே சமையலறையை அப்படியே பெயர்த்து வந்து வைத்திருக்கிறார்கள். காலையிலேயே ரத்தச் சாயம் பூசிப் படுக்கவைத்தார்கள். ஹீரோ வரவில்லை. முகம் தெரியாத ஷாட் எல்லாம் டூப் போட்டுத்தான் எடுப்பார்கள். முகமூடி போட்டபின் உள்ளே யார் இருந்தால் என்ன. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். மூடிக்கொண்டேன்.

ஆக்‌ஷன் என்றதும் பின்வாசல் கதவு படாரென்று திறக்கிற சத்தம். ஓடி வருகிற சத்தம். ரப்பர் கையுறை என் கழுத்தடியில் நுழைந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்தது. குளிர்ந்த தண்ணீர் முகத்தில் சொட்டியது. அப்போது காதோரத்தில் மெல்ல ஒரு குரல்.

"அம்மா, மூச்சு தெரியுது. மெள்ள விடுங்க."

டார்வின்.

அசையக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. பிணத்துக்கு என்ன கேள்வி, என்ன பதில். ஆனால் கண்ணீரை யார் பிடித்து வைப்பது, மூடின இமைக்குள்ளிருந்து இரண்டு பக்கமும் வழிந்துவிட்டது.

"கட், கட்! பிணம் அழுவுது சார்!" யாரோ கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

முகத்தைத் துடைத்துச் சாயத்தைச் சரிசெய்தார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. தலை இன்னும் அவன் மடியில்தான் இருந்தது.

"நீ எங்கடா இங்க?" உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"டூப்புக்கு ஆள் எடுத்தாவ. உயரம் சரியா இருந்துச்சு. பேரு போட மாட்டாவ. முகத்தக் காட்டக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாவ."

"எதுக்குடா இந்தப் பொழப்பு?"

"முகமூடி போடணும்னு சொன்னம்லா. அப்புறம் இந்த சீன்னு சொன்னாவ. வேற எவனாவது வந்து உங்களத் தூக்குறதுக்கு..." முடிக்கவில்லை. டைரக்டர் ரெடி என்றார்.

எத்தனை டேக் போயிற்று என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவன் கதவைத் திறந்து ஓடி வந்தான். ஒவ்வொரு தடவையும் நான் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு தடவை கல்லாகக் கிடந்தேன். ஓகே என்றார்கள்.

சினிமாவில் ஒரு வழக்கம். பிணமாக நடித்தவர்களை ஷாட் முடிந்த கையோடு எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி கொஞ்சம் எடுப்பார்கள். சாவு அதோடு போய்விட வேண்டும் என்று சகுனத்துக்கு. எனக்கும் எடுக்க வந்தார்கள். அப்போதுதான் கண்ணைத் திறந்தேன்.

நின்றுகொண்டிருந்தான். நீல முகமூடி, நனைந்த தோள், என் அடுப்புக்குப் பக்கத்தில். எழுந்து அவன் கையைப் பிடித்தேன்.

"இவனும் பக்கத்துல நிக்கட்டும். இல்லன்னா நான் சிரிக்க மாட்டேன்."

உதவி டைரக்டர் டார்வினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முகமூடியக் கழட்டக் கூடாதும்மா, ஒப்பந்தம்."

"கழட்ட வேண்டாம்."

கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. சிரிப்பு வரவில்லை. டார்வினைப் பார்த்து, "கோவம் போச்சாடா?" என்றேன்.

"போகலம்மா" என்றான். "சிரிங்க. சகுனம்."

சிரித்தேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். இதையெல்லாம் படத்தில் சேர்க்க மாட்டார்கள், அப்புறம் அழித்துவிடுவார்கள். அவனும் சிரித்தானா என்று தெரியவில்லை. அந்த முகமூடி வாயையும் சேர்த்து மூடியிருக்கிறது.